புகையை எடை போட வந்த பெண்

எங்கள் வண்டியின் புகையை எடை போட கம்பெனியிலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்று மகன் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. புகையை எப்படி எடை போடுவார்கள்? அரிசியை எடை போடலாம், பழைய இரும்பை எடை போடலாம். என் வீட்டுக்காரர் செகந்திராபாத் கூட்ஸ் ஷெட்டில் லாரி ஓட்டிய காலத்தில் லாரியையே எடை போடும் மேடையைப் பார்த்திருக்கிறேன். முன் சக்கரம் ஏறியதும் பூமி லேசாக அமுங்கும், அடிவயிறு கூசும். ஆனால் புகைக்கு ஏது தராசு? சைலன்சர் வாயில் பெரிய பலூனைக் கட்டி, அது உப்பியதும் முடிச்சுப் போட்டு எடுத்துப் போவார்களோ என்று நினைத்தேன். பலூன் மேலே பறந்துவிட்டால் எடை எப்படி வரும் என்று அடுத்த சந்தேகம். இதைக் கேட்டதற்கு என் பேத்தி தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். அவள் வேலூரில் பள்ளிக்கூடம் படித்தவள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் பாதி உருது, கால்வாசி தெலுங்கு என்று ஆகிவிடும், யாருக்கும் புரியாது என்று சொல்லி, கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறாள். போடட்டும். விஷயம் கருகாமல் இருந்தால் சரி.

மகனிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. டீசல் வண்டி, முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். மேட்சல் ரோட்டில் ஒரு கம்பெனியின் கோடவுன். அங்கே சோப்பு, பிஸ்கட், டீத்தூள் பெட்டிகளை ஏற்றி, முதல் நடை அல்வால் கடைகளுக்கு, இரண்டாம் நடை குகட்பள்ளிக்கு. எங்கள் வீடு மல்காஜ்கிரியில். இதில் மல்காஜ்கிரிக்கு வேலையே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது.

வண்டி வாங்கிய புதிதில் இரண்டு மாதம் லோடே கிடைக்கவில்லை. வாசலில் நின்ற வண்டிக்கு அடியில் நாய் குட்டி போட்டது. அக்கம்பக்கத்தார் குட்டிகளுக்குப் பால் ஊற்றினார்களே தவிர, என் பிள்ளைக்கு ஒரு லோடு சொல்லவில்லை. அப்போதுதான் எங்கள் தெருக்கோடி மாரியம்மனிடம் நான் வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைக்கு நிலையாக லோடு கிடைத்தால், தினமும் முதல் நடையை, ஒரு பெட்டிகூட இறக்காமல், அப்படியே உன் வாசலில் கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன். லாரிக்காரக் குடும்பங்களில் வெறும் வண்டியைச் சாமிக்குக் காட்ட மாட்டோம். வெறும் வண்டியைக் காட்டினால் நாளும் வெறும் நாளாகப் போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். வேண்டிக்கொண்ட மூன்றாம் நாள் இந்தக் கம்பெனி லைன், அதாவது தினசரி லோடு, கிடைத்தது.

அன்றிலிருந்து மேட்சலில் லோடு ஏற்றிய வண்டி, வழியிலேயே இருக்கிற அல்வால் கடைகளை எல்லாம் தாண்டி, மல்காஜ்கிரிக்கு வந்து, அம்மனுக்கு முகம் காட்டிவிட்டு, வந்த வழியே அல்வாலுக்குத் திரும்பிப் போய் இறக்கும். நடுவில் கடைக்காரர் கையைக் காட்டினாலும் நிற்கக் கூடாது. ஒரு பெட்டி குறைந்தாலும் வேண்டுதல் குறைந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் மகன் காகிதத்தில் மடித்த திருநீறைக் கொடுப்பான். அம்மனைப் பார்த்தாயா என்று கேட்பேன். ஹவ்மா, ஆமாம்மா என்பான். நெற்றியில் பூசிக்கொண்டு நான் சோற்றை எடுத்து வைப்பேன்.

இப்போது இந்தப் புகை விவகாரம். கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம், ஒவ்வொரு வண்டியாக ஆறு நாள் கூடவே வந்து அளப்போம், லோடுக்குத் தக்க அளவைவிட அதிகமாகப் புகை விடுகிற வண்டிக்கு அடுத்த மாதத்திலிருந்து லைன் கிடையாது என்று. மகனுக்கு இருப்பது இந்த ஒரு லைன். அது போனால் மறுபடி வாசலில் வண்டி, வண்டிக்கடியில் நாய்.

அளக்கிற முதல் நாள் நானும் வருகிறேன் என்றேன். பயத்தில் இல்லை. அந்தத் தராசைப் பார்க்கிற ஆசை.

"நக்கோமா, வேணாம்," என்றான் மகன். "எடம் பத்தாது."

"பூசணிக்காயா நானு? ஓரமா உக்காந்துக்கறேன்."

அவன் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினான். நான் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த வாயை அவன் அப்போதே திறந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

கோடவுன் வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் ஹெல்மெட், கையில் சிலேட்டு மாதிரி ஒரு கண்ணாடிப் பலகை. நான் மகனிடம் தமிழில் பேசியதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கோயம்புத்தூராம். வேலைக்காக வந்து குகட்பள்ளியில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' வைத்து, வெல்லம் தொட்டுக் கொடுக்கிற மாதிரி பேசினாள். தராசு எங்கே என்றேன். அந்தப் பலகையைக் காட்டினாள். பலூன் இல்லை, குழாய் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வண்டி கிளம்பியதும் அவளைக் குடைய ஆரம்பித்தேன். பாவம், பொறுமைசாலி. எத்தனை டீசல் எரிகிறது, எத்தனை தூரம் ஓடுகிறது, எத்தனை எடை ஏற்றியிருக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் புகையின் எடை தானாக வந்துவிடுமாம். பிறகு அதை வண்டியில் இருக்கிற பெட்டிகளுக்குப் பங்கு போடுவார்களாம். ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் ஏறினால் ஆளுக்குக் கொஞ்சம், ஒருத்தர் மட்டும் போனால் முழு ஆட்டோவும் அவர் தலையில். அப்படித்தான் புகையும். நிறைய சரக்கு, குறைந்த சுற்று என்றால் ஒவ்வொரு சோப்புக்கும் துளியூண்டு புகை.

"அப்ப நான் உக்காந்திருக்கேனே, என் பங்கு?"

"நீங்க சரக்கு இல்லீங்க பாட்டி. உங்களுக்குக் கணக்குல எடமில்லீங்க."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நானும் ஒரு துளி புகை போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். சரி, மொத்தம் எவ்வளவு எடை வரும் என்று கேட்டேன். இந்த வண்டி ஒரு நாள் முழுக்க ஓடினால், உத்தேசமாக ஒரு மூட்டை அரிசி எடை என்றாள். நான் நம்பவில்லை. ஊற்றுகிற டீசலே ஒரு மூட்டை எடை இருக்காது, அது எரிந்து எப்படி அதைவிட எடை கூடும்? எரிகிறபோது காற்றிலிருந்தும் ஒரு பங்கை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறதாம். எரிந்தால் குறையும் என்றுதான் இத்தனை வருஷம் அடுப்படியில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் முன்னால் போன ஒவ்வொரு லாரியின் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத அரிசி மூட்டை விழுந்துகொண்டே போகிற மாதிரி எனக்குத் தோன்றியது. ரோடு முழுக்க மூட்டை.

அல்வாலில் முதல் கடை வந்தபோது மகன் வேகத்தைக் குறைத்தான். கடைக்காரர் இறங்கி வந்து கையைத் தூக்கினார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடா ஸ்லோ பண்றே. அம்மனைப் பாத்துட்டு வந்து எறக்கு," என்றேன்.

அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். கடைக்காரர் தூக்கிய கையோடு ரோட்டில் நின்றது கண்ணாடியில் தெரிந்தது. அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். மல்காஜ்கிரி வந்து, கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே மகன் இறங்கிக் கும்பிட்டான். நான் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெட்டி பெட்டியாக நிறைந்த வண்டியை அம்மனுக்குக் காட்ட எனக்கு எத்தனை பெருமை. அந்தப் பெண்ணுக்கும் வேண்டுதல் கதையை முழுசாகச் சொன்னேன், நாய் குட்டி போட்டது உட்பட.

திரும்ப அல்வால் வந்து முதல் கடையில் மகன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். கடைக்காரரின் முணுமுணுப்பு எங்கள் காதுவரை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள் இருந்தோம்.

"ஏனுங்க பாட்டி, இன்னைக்கு மட்டும் எதுக்குங்க இவ்வளவு சுத்து?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும் இல்லம்மா. தெனமும்தான்."

"இல்லீங்களே," என்று பலகையை என் மடியில் வைத்தாள்.

மகனுடைய போனில் கம்பெனி ஏதோ போட்டு வைத்திருக்கிறதாம். வண்டி போகிற வழியெல்லாம் அதில் கோடாக விழுமாம். எனக்கு எழுத்துதான் தெரியாது, கோடு தெரியாதா? வருஷா வருஷம் மார்கழியில் கோலம் போட்ட கை இது. மேட்சல் எங்கே, அல்வால் எங்கே, எங்கள் வீடு எங்கே என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். போன மாதத்து முதல் நடைக் கோடுகள் எல்லாம் மேட்சலிலிருந்து அல்வாலுக்கு வந்து, கடை கடையாகச் சுற்றி, மேட்சலுக்கே திரும்பியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, கயிறு திரித்த மாதிரி. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. போன வருஷமும் அப்படியே. இன்றைய கோடு ஒன்று மட்டும் பின்னலிலிருந்து பிரிந்த முடி மாதிரி மல்காஜ்கிரிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

மகன் வந்து கதவைத் திறந்தான். என் மடியில் பலகையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளாடா?" என்றேன்.

"மூணு வருஷமா போறதில்லம்மா. அவ்ளோ தூரம் சுத்திட்டு வந்தா கடைக்காரங்க திட்றாங்க. டீசலும் தண்டம். உங்கிட்ட சொல்ல வாய் வரல."

"தெனம் துண்ணூறு குடுத்தியே?"

"மார்க்கெட்ல வாங்கினது."

அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு சிட்டிகை எடுத்து மடித்துக் கொண்டுவருவான். இன்று காலை என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வண்டியிலேயே ஏறியிருக்க மாட்டேன், இந்தச் சுற்றும் கணக்கில் விழுந்திருக்காது. லைன் போனாலும் போகட்டும், அம்மாவிடம் சொல்ல முடியாது என்று இருந்திருக்கிறான். நாற்பது வயது ஆண்பிள்ளை.

இரண்டு கடைவரை மனசு கனத்துத்தான் போயிருந்தது. மூன்றாவது கடையில் என்னையறியாமல் யோசனை வேறு பக்கம் திரும்பிவிட்டது. மூன்று வருஷமாக அம்மனுக்கு லோடு காட்டவில்லை. ஆனால் மூன்று வருஷமாக ஒரு நாளும் லோடு நிற்கவில்லை. அப்படியானால் அம்மனுக்கு இது முன்பே தெரியும், கோபமும் இல்லை. தெரியாதவள் நான் ஒருத்திதான். மார்க்கெட் திருநீறைப் பூசிக்கொண்டு, அம்மன் பிரசாதம் என்று அடுத்த வீட்டுக்காரியின் தலைவலிக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். அவளுக்குச் சரியாகவும் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் மகனுக்கு மூச்சு வந்தது.

இன்றைய கோட்டை மட்டும் அழித்துவிட முடியாதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"முடியாதுங்க பாட்டி. ஓடினது ஓடினதுதானுங்க. ஆனா இன்னும் அஞ்சு நாள் இருக்குதுங்களே."

அன்று மாலை நடந்தே கோயிலுக்குப் போனேன். வெறும் கையோடு. இனிமேல் வண்டி வராது, நான் வருகிறேன், எனக்குப் புகை கிடையாது என்று சொன்னேன். அம்மன் எப்போதும் போலத்தான் பார்த்தாள்.

மீதி ஐந்து நாளும் நான் போனேன். இடம் பத்தாது என்று இப்போது யாரும் சொல்லவில்லை. முதலில் இன்ஜின் விஷயம். கடைக்குக் கடை இறக்கும்போதும் மகன் இன்ஜினை அணைக்க மாட்டான். லோடு இறங்கி முடிகிறவரை அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். இது அவன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அவருடைய பழைய லாரியில் பேட்டரி வீக். லோடோடு அணைத்தால் பிறகு எட்டு ஆள் தள்ள வேண்டும், அதனால் அணைக்கவே மாட்டார். இந்த வண்டியில் பேட்டரி நன்றாக இருக்கிறது, யாரும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் கை கேட்பதில்லை.

"வண்டி நிக்குதுங்க, புகை மட்டும் ஓடுதுங்க," என்றாள் அந்தப் பெண்.

இரண்டாம் நாள் முதல் கடையில் அவன் சாவியைத் திருப்பி அணைத்தான். உடனே திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான், கிளம்புகிறதா என்று. கிளம்பியது. மறுபடி அணைத்தான். இப்படி ஒரு கடையிலேயே மூன்று முறை. நான்காம் நாள்தான் நம்பிக்கை வந்தது. இன்ஜின் அடங்கியதும் அல்வாலில் எனக்கு என்னென்னவோ காதில் விழுந்தது. பக்கத்துக் கன்டோன்மென்டில் மிலிட்டரிக்காரர்கள் எண்ணிக்கை சொல்லி நடக்கிறார்கள். கடைக்காரர் நல்ல குரலில் பாடுகிறார். கடையில் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கிற ஆள் எங்களைப் பற்றிச் சொல்கிறதெல்லாமும் தெளிவாகக் கேட்கிறது.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். அல்வாலில் இறக்கிவிட்டு இரண்டாம் நடைக்கு மேட்சல் போகும்போது வண்டி காலி. அந்தப் புகை யார் தலையில்? போகும்போது ஏற்றிய சரக்கின் தலையில்தான் என்றாள். சோப்பு கடையில் இறங்கிவிட்டது, ஆனாலும் திரும்பி வருகிற புகையும் அதற்குத்தானாம். இது என்ன நியாயம்? ஷேர் ஆட்டோவில் இறங்கினவரிடம் யாராவது திரும்பிப் போகிற காசு கேட்பார்களா? திரும்பும்போதும் ஏதாவது சரக்கு ஏற்றினால் அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாள்.

ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் காலி அட்டைப்பெட்டி மலைபோலக் கிடந்ததை நான் ஐந்து கடையாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கோடவுனுக்குப் பக்கத்திலேயே பழைய அட்டை எடுக்கிற ஷெட் இருப்பதை மகன் சொன்னான். தினம் தாண்டிப் போகிறான், தோன்றவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அட்டையை மடக்கி அடுக்கி ஏற்றினோம். மடக்கியது நான்தான். மிதித்தால் 'பட்' என்று அமுங்குகிற சத்தம் கேட்க ஆசையாக இருக்கும். கடைக்காரர்களுக்கு இடம் காலியானதில் சந்தோஷம். முதல் நாள் கை தூக்கி நின்றவர் எனக்கு டீயே வாங்கிக் கொடுத்தார்.

ஆறு நாள் முடிந்து அந்தப் பெண் போய்விட்டாள். முடிவு திங்கட்கிழமை வரும் என்றாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை மகன் சாப்பிடவில்லை. வண்டியைக் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். நான் கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன், அது எனக்குப் பெரிய வேலை.

திங்கட்கிழமை காலை அவன் கோடவுனுக்குக் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. நாங்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தான்.

"அண்ணா, லைன் உங்களுக்கேதானுங்க," என்றாள். "ஆனா மயிரிழைலதானுங்க. மொத நாள் ரொம்ப இழுத்துருச்சு. கடைசி மூணு நாள்தான் காப்பாத்துச்சு."

மகன் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கூட ஓடுகிற வேறு இரண்டு வண்டிகளுக்கு லைன் போய்விட்டதாம். அதில் ஒருத்தர் இவனோடு டீ குடிக்கிற மனுஷன். அதைக் கேட்டதும் எங்கள் சந்தோஷம் கொஞ்சம் அடங்கியது. அடுத்த வருஷத்துக்குள் எல்லோரும் பேட்டரி வண்டிக்கு மாறினால் நல்லது என்று கம்பெனி சொல்கிறது, அதில் பின்னால் புகையே வராது என்றும் சொன்னாள்.

அவள் வைப்பதற்குள் நான் போனை வாங்கிக்கொண்டேன். "ஏம்மா, அந்த வண்டிக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது? அங்க இன்னா எரிக்கிறாங்க?"

"நெலக்கரிதானுங்க பாட்டி, பாதிக்கு மேல," என்றாள். "அதையும் எடை போட்டுத்தானுங்க சேர்ப்போம். ஆனா டீசலைவிடக் கம்மியாத்தான் வரும்."

எவ்வளவு கம்மி, அந்த மூட்டையில் எத்தனை படி குறையும் என்று கேட்பதற்குள் மகன் போனை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டான். "நக்கோமா. அவங்களுக்கும் வேலை இருக்கு, எனக்கும் லோடு நிக்குது," என்றான். பிறகு என்ன நினைத்தானோ, ஏறி உட்கார்ந்தவன் இறங்கி வந்து, கடையில் இன்றைக்கு எத்தனை அட்டை கிடைக்கும் என்று என்னையே கேட்டான். திங்கட்கிழமை ஆயிற்றே, இரண்டு நாள் அட்டை சேர்ந்திருக்கும், நிறைய கயிறு எடுத்துப் போ என்றேன்.